மூன்று வருஷ வண்டி

பிப்ரவரி 9

குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே குரல் உயர்ந்துவிடுகிறது, எதுவானாலும் எழுது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மாடி வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்கிறேன் என்று இறங்கி, இப்போது நம் சமையலறைக் கூரையிலும் ஈரம். மருந்தகத்தில் எனக்குக் காலை ஷிப்ட் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நின்று நின்று முழங்கால் விட்டுப்போகிறது. அதெல்லாம் இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

குட்டி கார் வாங்கப் போகிறான். கையால் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தது உங்களுக்குத் தெரியும். சரி, சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறுகிற மாதிரி ஒரு வேன் எடுப்பான் என்று நினைத்தேன். அவன் பார்த்து வைத்திருப்பது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். தரையோடு தரையாக இருக்கிறது. மேற்கூரை மடங்குமாம். இரண்டே சீட். பணக்கார வீட்டுப் பையன்கள் காதைப் பிளக்கிற சத்தத்தோடு ஓட்டிப் போவார்களே, அந்த ஜாதி வண்டி.

"எதுக்குடா குட்டி இது?" என்று கேட்டேன்.

"முதல்ல, வேலைக்குப் போறவனைக் குட்டின்னு கூப்பிடாதே. ரெண்டாவது, இந்த வீட்டுல இப்ப எனக்குன்னு இருக்கறது எல்லாமே ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்கும்மா. இது ஒண்ணாவது அழகா இருக்கட்டும்."

நாடகக் கம்பெனி கொடுத்த நஷ்ட ஈடு அவன் பணம். மேடை விளக்கு மாட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்தவன் அவன். ஆனால் விலைக்கு வாங்க வேண்டாம், லீஸுக்கு எடு என்கிறேன். மூன்று வருஷம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று வருஷத்தில் எவ்வளவோ மாறலாம். போன மாதம் அவன் வலது கால் பெருவிரல் அசைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நாளைக்கே காலால் ஓட்டுகிற நிலைமை வந்தால், கைக்கென்று மாற்றிய வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வண்டி விஷயத்தில் நீங்கள் சொன்னால் கேட்பான். லீஸ்தான் நல்லது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா


பிப்ரவரி 17

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ஒரு கார் வரவேண்டியிருக்கிறது, நீ எனக்கு எழுத. போகட்டும். மாத்திரை போடுகிறேன். முழங்காலுக்கு ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கு. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிறவனிடம் புது வண்டி யோசனை கேட்கிறாய். சொல்கிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால், இந்த மாதிரி வண்டிக்கு லீஸ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே விலை சரிகிற வண்டி. அந்த நஷ்டம் லீஸ் கம்பெனியோடு போகட்டும் என்று விடலாம். ரிப்பேரும் அவர்கள் தலையில்.

ஆனால் லீஸ் வண்டி நம் வண்டியில்லை. எடுத்த மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும். குட்டிக்கு பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையால் இயக்குகிற லிவர் வேண்டும். அதை ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே துளை போட்டு, போல்ட் வைத்து முடுக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். விசாரித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை அவனை எதிலும் கையெழுத்துப் போட விடாதே.

கூரை ஈரத்தை ஒரு போட்டோ எடுத்து வை. மாடிக்காரர் பின்னால் இல்லவே இல்லை என்பார்.

அன்புடன்,
நான்


பிப்ரவரி 24

குட்டியின் அப்பாவுக்கு,

நீங்கள் விசாரிக்கும் முன்னால் நானே விசாரித்துவிட்டேன். துளையே போடாமல் பெடலில் கவ்விக்கொள்கிற கிளாம்ப் இருக்கிறதாம். மாட்டலாம், கழற்றலாம். அதற்கு லீஸ் கம்பெனி சம்மதிக்கிறது. ஷோரூமிலேயே சொன்னார்கள்.

சனிக்கிழமை நானும் அவனும் அங்கே போனோம். சேல்ஸ்மேன் அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தே பேசினார். "சார் எப்படி ஏறுவாரு?" என்று என்னைக் கேட்டார். குட்டி, "சார் வாயாலயும் பேசுவாரு, அவரையே கேளுங்க" என்றான். அந்த மனுஷர் முகம் சிவந்துவிட்டது. அப்புறம் குட்டியே அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தான். உங்கள் பிள்ளைதான், சந்தேகமில்லை.

ஏறிக் காட்டினான். கதவு நீளமானது. அகலமாகத் திறக்கிறது. சீட்டில் ஒரு கையும் நாற்காலியில் ஒரு கையும் ஊன்றி, ஒரே தாவல், உள்ளே. பிறகு நாற்காலியின் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, சட்டத்தைத் தன் மார்புக்கு மேலாகத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்தான். சக்கரங்களை அதன்மேல் வைத்தான். யார் உதவியும் இல்லை. வீட்டில் கட்டிலை வைத்துப் பழகியிருப்பானோ என்னவோ, எனக்குத் தெரியாமல் எங்கே கற்றான் என்றே தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். நான் வெளியே என் கைப்பையோடு நின்றிருந்தேன்.

"நாற்காலி அங்க இருந்தா நான் எங்கடா உட்கார்றது?" என்றேன்.

கண்ணாடியை இறக்கி, "நீ டாக்ஸில வந்துடும்மா" என்று சிரித்தான். சேல்ஸ்மேனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதத்தில் "குட்டிக்கு லிவர் வேண்டும், துளை போட்டு முடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ ஆயுசுக்கும் என்கிற மாதிரி. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "இவன் இனி நடக்க மாட்டான், அதுக்குத் தகுந்த ஏற்பாட்டை நாம பண்ணணும்" என்று சொன்ன அதே குரல்தான் காகிதத்திலும் கேட்கிறது. அந்த வார்த்தைக்காகத்தான் உங்களை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

லீஸ்தான். நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

குட்டியின் அம்மா


மார்ச் 5

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

கோபப்படாமல் கடைசிவரை படி. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி.

கிளாம்பைப் பற்றி, கையால் ஓட்டுகிற கார்கள் தயார் செய்கிற பட்டறைக்கு நேரிலேயே போய்க் கேட்டேன். வெளியூர் போன இடத்தில் இரண்டு நாள் வாடகை வண்டி ஓட்டுவதற்கென்று செய்த சாமானாம் அது. தினமும் ஓட்ட அது உதவாது.

அதைவிடப் பெரியது சீட். பந்தய வண்டி சீட்டுக்கு இரண்டு பக்கமும் கெட்டியான திண்டு உண்டு, திருப்பத்தில் ஆளை இறுக்கிப் பிடிக்க. நமக்கு அது குத்தினால் நகர்ந்து உட்காருவோம். அவனுக்குக் குத்துவது தெரியாது. ஒரு மணி நேரத்தில் தோல் கன்றிப்போகும். அது புண்ணானால் என்ன ஆகும் என்று மருந்தகத்தில் நிற்கிற உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தத் திண்டை வெட்டி எடுத்துவிட்டு மெத்தென்று வேறு வைக்க வேண்டும். லீஸ் வண்டியின் சீட்டில் கத்தி வைக்க எந்தக் கம்பெனியும் விடாது.

அதனால் விலைக்கு வாங்குங்கள். அந்த வார்த்தைக்கு நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைக் கீழே வைத்து வைத்து எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை குட்டி போன் செய்தபோது, அந்த வராந்தாப் பேச்சைப் பற்றி முதல் தடவையாக அவனே பேசினான். கதவு சரியாகச் சாத்தவில்லையாம். நான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது.

"அன்னைக்கு ராத்திரிதான்பா நான் தூங்கினேன்" என்றான். "அதுக்கு முன்னாடி எல்லாரும் என் காலையே பார்த்துட்டு இருந்தீங்க. அது எப்ப அசையும்னு நானும் பார்த்துட்டே இருந்தேன். நீங்க சொன்னதும், அப்பாடான்னு இருந்துச்சு." பிறகு, "அம்மாகிட்ட நான் காத்துக்கிட்டு இல்லன்னு சொல்லுங்கப்பா. நான் சொன்னா அழுவாங்க" என்றான்.

சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
நான்


மார்ச் 27

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

லீஸுக்கே எடுக்கிறேன் என்று குட்டி நேற்றுச் சொன்னான். "மூணு வருஷம்தானேப்பா, அம்மா நிம்மதியா இருந்தா சரி" என்றான். சனி ஞாயிறு ஓட்டிப் பார்க்க வண்டியைத் தருகிறார்களாம். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. முப்பதை எட்டப் போகிறவனிடம் இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்தால் நன்றாக இருக்காது.

வண்டியை விட்டு இறங்கினதும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கச் சொல். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

நான்


ஏப்ரல் 20

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இது. முதல் கடிதத்தைப் படித்ததும் உங்கள் மேல் வந்த கோபத்தை என்னவென்று எழுத? அவன் சொல்லச் சொன்னதை நீங்கள் இட்டுக்கட்டியிருப்பீர்கள் என்றுகூட நினைத்தேன். அவனிடம் கேட்கவும் பயம். கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்?

பயப்படாதீர்கள், இப்போது தேறிவிட்டான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது நாளாகக் குப்புறப் படுத்திருக்கிறான்.

அந்த சனி ஞாயிறு வண்டி வந்தது. கிளாம்பை மாட்டிக் கொடுத்தார்கள். நகரத்துக்கு வெளியே பெரிய ரோட்டில் போய்விட்டு வந்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைமுடியெல்லாம் கலைந்து, மூக்கு வெயிலில் சிவந்து. பள்ளிக்கூட நாளில் விளையாடிவிட்டு வந்து தண்ணீர்ப் பானையில் அப்படியே வாயை வைப்பானே, அந்த முகம். "எப்படிடா இருந்தது?" என்றால், "சொல்லத் தெரியலம்மா" என்கிறான். நாள் முழுக்கப் பேசுகிறவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போனான்.

சனிக்கிழமையே தொடைக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே சிவந்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் லீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவேண்டி வரும், அப்புறம் விலைக்கு வாங்குவதா என்கிற பேச்சு வரும், நான் அழுவேன் என்று இருந்திருக்கிறான். புதன்கிழமை ஜுரம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. புண் உள்ளே ஆழமாகப் போயிருந்தது. எலும்பை எட்டவில்லை, பிழைத்தோம் என்றார் டாக்டர். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். "நான் அப்பவே சொன்னேன்னு அப்பா சொல்ல மாட்டாரு, அதுதான் தாங்காது" என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு நர்ஸ் வந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு அவள் வரவில்லை. நான் செய்தேன். இதுவரை அவன் என்னைத் தொடவே விட்டதில்லை, உங்களுக்குத் தெரியும். எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்பான். இந்தப் புண் அவன் கைக்கு எட்டாத இடம். குப்புறப் படுத்துக்கொண்டு போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். பழைய பஞ்சை எடுத்தேன். ஒரு மூலை சதையோடு ஒட்டியிருந்தது. மெதுவாகத்தான் இழுத்தேன், ரத்தம் வந்துவிட்டது. அவன் கத்துவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சிரித்தான். வீடியோவில் எவனோ வழுக்கி விழுந்தானாம். "அம்மா, இதைப் பாரேன்" என்று போனைப் பின்னால் நீட்டினான். என் விரல் புண்ணின் மேல் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று கேட்காதீர்கள். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

இத்தனை வருஷம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். முதுகுத்தண்டு அறுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் விரலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருவிரல் அசைந்ததைப் பற்றி நான் ஊரெல்லாம் சொன்னபோது அவன் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அது நரம்பு தானாக வெட்டி இழுப்பது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக விட்டிருக்கிறான். அந்த சீட்டிலும் எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறான்.

கட்டை முடித்துவிட்டு அவன் முகத்துப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"விலைக்கே வாங்கிடலாம்" என்றேன்.

போனை அணைத்தான். "நிஜமாவா?"

"சீட்டை வெட்டி மாத்தணும். லிவரைத் துளை போட்டே வைக்கச் சொல்லு. ஆடக் கூடாது."

அவன் என் தலையில் கையை வைத்தான், நான்தான் அவன் குழந்தை என்கிற மாதிரி. அப்புறம் நான் அழுதேன்தான். அவன் சொன்னது சரிதான்.

புண் முழுக்க ஆறினதும் வண்டி எடுக்கிறோம். அந்தப் பட்டறை விலாசம் அனுப்புங்கள்.

குட்டியின் அம்மா


ஜூலை 6

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

உன் ஏப்ரல் கடிதத்துக்கு விலாசத்தை மட்டும் எழுதி அனுப்பினேன். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. பலமுறை உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்று மதியம் குட்டி போன் செய்தான். "அப்பா, ஜன்னல் வழியா கொஞ்சம் எட்டிப் பாருங்க." பார்த்தேன். தெருவோரம் கரும்பச்சை வண்டி. கூரை மடங்கியிருக்கிறது. உள்ளேயிருந்து கை ஆட்டுகிறான். உன்னிடம்கூடச் சொல்லவில்லையாம், நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொன்னானாமே. ஆறு மணி நேரம் தனியாக ஓட்டி வந்திருக்கிறான். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி இறங்கித் தோலுக்கு ஓய்வு கொடுத்தேன் என்று, நான் கேட்கும் முன்னாலேயே சொன்னான்.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். அதற்குள் சக்கரத்தை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, கதவையும் சாத்திவிட்டான். கட்டிப் பிடித்தேன். "வாடா, உள்ள வா, சாப்பிடலாம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தேன். பின்னால் சக்கரச் சத்தம் வரவில்லை.

வாசலில் நாலு படி இருக்கிறது.

நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாடகை கேட்டேன். தண்ணீர் வருமா என்று கேட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். படியைப் பார்க்கவில்லை. தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறேன், பார்க்கவில்லை.

அவன் படியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "பரவால்லப்பா, இங்கயே உட்காரலாம், காத்து நல்லா இருக்கு" என்றான். பக்கத்துக் கடைக்காரர் இன்னொருவரைக் கூப்பிட்டு, "தூக்கிட்டுப் போயிடலாம் சார், ஒரு நிமிஷம்" என்றார். குட்டி சிரித்துக்கொண்டே, "வேண்டாங்க. தூக்கிட்டுப் போனா நான் வந்ததா ஆகாது" என்றான்.

தட்டை வாசலுக்குக் கொண்டுவந்தேன். நான் படியில் உட்கார்ந்தேன், அவன் நடைபாதையில். போகிற வருகிறவர்களெல்லாம் வண்டியைப் பார்த்தார்கள். மேடை விளக்கு வேலை மறுபடி வந்திருப்பதைப் பற்றி, புதுச் சீட்டைப் பற்றி, உன் முழங்காலைப் பற்றிப் பேசினான். ஒரு தடவை கழிவறைக்குப் போகவேண்டியிருந்தது. அதற்கு வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை போய்விட்டு வந்தான். மூன்று மணிக்கு, "இருட்டறதுக்குள்ள பாதி தூரமாவது போயிடறேன்பா" என்று கிளம்பினான்.

சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பை இருந்தது. பல் துலக்குகிற பிரஷ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி தங்குகிற எண்ணத்தில்தான் வந்திருக்கிறான். வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

வராந்தாவில் நின்று ஏற்பாடு செய்யணும் என்று சொன்னவன் நான். சொன்னதோடு சரி. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வருவதற்கு முன்னாலேயே நீ கொத்தனாரை வரவழைத்து, வாசல் படியை மூடிச் சரிவு கட்டிவிட்டாய். அவன் நடப்பான் என்று சண்டை போட்ட நீ. அவனைப் பார்க்க வரும்போதெல்லாம் அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் இன்று காலை பேசினேன். பக்கவாட்டில் சரிவு கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதினால் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

அன்புடன்,
நான்


ஜூலை 13

குட்டியின் அப்பாவுக்கு,

குட்டி ராத்திரி ரொம்ப நேரம் கழித்து வந்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை, தானாகவே சொன்னான். படியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்பா இளைச்சிருக்காரும்மா" என்று மட்டும் சொன்னான். அதனால் படி விஷயம் உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவனிடம் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

நீங்கள் என்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். நடப்பான் என்று நம்பியது ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் வரவேண்டியிருந்தது. நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. இதை வைத்து என்னைப் பெரியவளாக்கவும் வேண்டாம், உங்களைத் தாழ்த்திக்கொள்ளவும் வேண்டாம். இரண்டுக்கும் நமக்கு வயதாகிவிட்டது.

அளவு எழுதுகிறேன். படியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். நாலு படி என்றால் உங்கள் பக்கவாட்டுச் சந்து முழுக்க வேண்டியிருக்கும். நடுவில் திரும்புகிற இடத்தில் நாற்காலி நின்று சுற்ற ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடச் சொல்லுங்கள். கொத்தனார்கள் இடம் போதாது என்று செங்குத்தாகப் போடப் பார்ப்பார்கள், விட்டுவிடாதீர்கள். மேலே வழவழப்பாகப் பூச வேண்டாம், மழையில் வழுக்கும். துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னதாக வரம்பு. கதவு நிலையில் அரை அங்குல மேடு இருந்தாலும் தட்டும், அதையும் செதுக்கிவிடுங்கள். குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்து எனக்கு எழுதுங்கள். முதலில் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

சிமெண்ட் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். அடுத்த மாதம் எனக்கு ஒரு வாரம் லீவு இருக்கிறது. கட்டி முடித்ததும் தண்ணீர் விட்டு நன்றாகக் காயவிடுங்கள், யாரையும் மிதிக்க விடாதீர்கள். சரியாக இருக்கிறதா என்று நான் வந்து பார்க்கிறேன்.

குட்டியின் அம்மா